நாளிதழ்களின் சொல் நீளமும் வாக்கிய நீளமும்: எண்ணத் தொடங்கும் முன்

நான் ஒரு நாளிதழில் ப்ரூஃப் பார்த்தே ஓய்வு பெற்றவள். படித்தது பி.எஸ்சி. புள்ளியியல். இப்போது அயனாவரத்தில் வீட்டு மாடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். புராஜெக்ட் நேரம் வந்துவிட்டால் யாராவது ஒருவர் தவறாமல் இந்தத் தலைப்போடு வந்து நிற்பார்: "மிஸ், தந்தியில வாக்கியம் சின்னதா இருக்கும், தினமணியில பெருசா இருக்கும். அதை நிரூபிக்கணும்."

"முடிவுதான் உனக்கே தெரிஞ்சிருக்கே. அப்புறம் எதுக்கும்மா எண்ணப்போறே?" என்று கேட்பேன்.

முகம் சுருங்கிவிடும். ஆனால் தலைப்பில் குற்றமில்லை. செலவு குறைவு, கருவி எதுவும் வேண்டாம், தரவு தினமும் காலையில் வாசலுக்கே வந்து விழுகிறது. கேள்வியைத்தான் கொஞ்சம் மாற்ற வேண்டும். நாளிதழுக்கு நாளிதழ் நீளம் மாறுகிறதா? மாறினால் அது அந்த இதழின் நடையாலா, செய்தியின் வகையாலா, அல்லது நாம் எண்ணிய விதத்தாலா? பெரும்பாலும் பிள்ளைகளைக் கவிழ்ப்பது மூன்றாவதுதான். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருக்கும். எந்த நாளிதழுக்கு என்ன சராசரி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்கள் கை அந்த எண்ணைப் பார்த்தே எண்ணும்.

எந்தெந்த இதழ்கள்?

சென்னையில் இதற்குப் பஞ்சமே இல்லை. வகைக்கு ஒன்றாக எடுங்கள். வெகுஜன நாளிதழ் ஒன்று. 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் லண்டனில் பாரிஸ்டர் படித்தவர். அங்கே சாதாரண மக்கள் படித்த டெய்லி மிரர் போன்ற பத்திரிகையை மனதில் வைத்து, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி எழுத வேண்டும் என்று நடத்தியவர். அடுத்து, தலையங்கத்துக்கும் நடுப்பக்கக் கட்டுரைக்கும் பெயர்போன ஒன்று: 1934-இல் தொடங்கிய தினமணி, அல்லது 2013-இல் வந்த இந்து தமிழ். மூன்றாவதாக மாலை மலர், மாலை முரசு போல ஒரு மாலை நாளிதழ். நான்காவது, கட்சி அல்லது இயக்க ஏடு: முரசொலி, விடுதலை, தீக்கதிர் இவற்றில் ஒன்று. இந்த நான்காவதை யாருமே யோசிப்பதில்லை. என்னைக் கேட்டால் சுவாரசியமானது அதுதான், ஏனென்றால் அங்கே செய்தி எழுதும் நடையும் மேடைப் பேச்சு நடையும் அடிக்கடி கலந்துவிடும்.

ஒரே நாளில் வந்த இதழ்களாக வாங்குங்கள். திங்கட்கிழமைத் தாளையும் ஞாயிற்றுக்கிழமை இணைப்பையும் ஒப்பிட்டால் கிழமையைத்தான் அளப்பீர்கள். மாலை இதழ் இன்றைய செய்தியை இன்றே போடும், காலை இதழ் அதையே நாளை போடும். ஆகவே இன்றைய மாலை இதழுக்கு ஜோடி நாளைய காலை இதழ்தான். கையில் காசு இல்லையென்றால் கிளை நூலகத்துக்குப் போங்கள். பல இதழ்களை ஒன்றாகப் பார்க்க எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பழைய காலத்து நடையையும் சேர்க்க ஆசைப்படுபவர்கள் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரிக்கலாம். 1899-இல் நாளிதழான சுதேசமித்திரனையும் இன்றைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது தனி அனுபவம்.

சொல் என்றால் எதுவரை சொல்?

'இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே இருப்பது ஒரு சொல்' என்று ஆரம்பிப்பீர்கள். தமிழில் அந்த இடைவெளி எங்கே விழும் என்பதை, செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்கிறார். 'வந்து கொண்டிருக்கிறார்கள்', 'வந்துகொண்டிருக்கிறார்கள்', 'வந்து கொண்டு இருக்கிறார்கள்' மூன்றும் அச்சில் வரும். ஒன்றில் இரண்டு சொல், ஒன்றில் ஒன்று, ஒன்றில் மூன்று. எழுதியவர் நினைத்தது ஒன்றேதான். 'வழக்குப்பதிவு', 'வழக்குப் பதிவு'. 'முதல்வர்', 'முதலமைச்சர்', 'முதல்-அமைச்சர்' என்று இந்தப் பட்டியல் நீளும். ப்ரூஃப் மேஜையில் நாங்கள் செய்த சண்டையில் பாதி இந்த இடைவெளிகளுக்காகத்தான்.

இது எவ்வளவு தூரம் முடிவைப் புரட்டும் என்று காட்டுகிறேன். கீழே இருக்கும் இரண்டும் எந்த இதழிலும் வந்தவை அல்ல. பாடத்துக்காக நானே எழுதியவை.

முதல் வடிவம்: "வேளச்சேரியில் நேற்று இரவு பலத்த மழை பெய்தது. ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கியது. பஸ்கள் நடுவழியில் நின்றன. பயணிகள் இறங்கி நடந்தே போனார்கள்."

இரண்டாம் வடிவம்: "வேளச்சேரியில் நேற்றிரவு பெய்த பலத்த மழையால் சாலைகளில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கி, பேருந்துகள் நடுவழியில் நின்றதையடுத்து பயணிகள் இறங்கி நடந்தே செல்ல நேர்ந்தது."

எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் 18 சொற்கள். முதலாவதில் 4 வாக்கியம், ஆக வாக்கியத்துக்கு 4.5 சொல். இரண்டாவதில் ஒரே வாக்கியம், 18 சொல். வாக்கிய நீளத்தில் நான்கு மடங்கு வித்தியாசம். சரி, சொல் நீளம்? முதலாவதில் 76 எழுத்து, சொல்லுக்கு 4.2. இரண்டாவதில் 87 எழுத்து, சொல்லுக்கு 4.8. 'பார்த்தீர்களா, கனமான நடையில் சொல்லும் நீளம்' என்று எழுதத் தோன்றும்.

இப்போது இரண்டாம் வடிவத்தில் 'நேற்றிரவு' என்பதை 'நேற்று இரவு' என்றும், 'நின்றதையடுத்து' என்பதை 'நின்றதை அடுத்து' என்றும் பிரியுங்கள். 20 சொல், 88 எழுத்து, சொல்லுக்கு 4.4. இரண்டு இடங்களில் ஸ்பேஸ் பாரைத் தட்டினோம், 0.6 ஆக இருந்த வித்தியாசம் 0.2 ஆகிவிட்டது. வாக்கிய நீளத்தின் வித்தியாசமோ 18-க்குப் பதில் 20 ஆனாலும் அசையவில்லை. தமிழில் வாக்கிய நீளம் நம்பகமான அளவு, சொல் நீளம் சட்டென்று ஏமாற்றும் அளவு என்று நான் பிள்ளைகளிடம் சொல்வது இதனால்தான்.

ஆகவே எண்ணுவதற்கு முன்னால் ஒரு தாளில் விதிகளை எழுதி வையுங்கள். என் விதிகள் இவை; உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம், பாதியில் மட்டும் மாற்றக் கூடாது. துணைவினைகளை (கொண்டு, இரு, விடு, வருகிறது) அச்சில் எப்படி இருந்தாலும் முன்வினையோடு சேர்த்து ஒரே சொல்லாக எண்ணுவேன். புணர்ந்து வந்த இரண்டு முழுச் சொற்களைப் பிரிப்பேன். நடுக்கோடு போட்டவை ஒரு சொல். எண்களை வாக்கிய நீளத்துக்குச் சொல்லாக எண்ணுவேன், எழுத்துக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆட்களின் பெயரும் ஊர்ப் பெயரும் அப்படியே. திருவல்லிக்கேணி நீளமாக இருப்பது செய்தியாளரின் குற்றமல்ல. சொல்லின் கடைசியில் வரும் சந்தி ஒற்றை விட்டுவிடுவேன், ஏனென்றால் 'அளவுக்குத் தண்ணீர்' என்று சில டெஸ்க்குகள் போடும், 'அளவுக்கு தண்ணீர்' என்று சில விட்டுவிடும். (மேலே காட்டிய கணக்கில் அந்த ஒற்றையும் ஊர்ப் பெயரையும் சேர்த்தே எண்ணியிருக்கிறேன். ஒற்றை எடுத்துவிட்டால் வித்தியாசம் இன்னும் குறையும்.)

அச்சுத் தாளிலிருந்து எண்ணுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தமிழ் நாளிதழ்ப் பக்கத்தின் குறுகிய செங்குத்துப் பத்தியில் ('காலம்' என்போம்) வரி முடியும் இடத்தில் சொல்லை வெட்டும்போது ஆங்கிலத்தைப் போல நடுக்கோடு போடுவதில்லை. 'போக்குவ' ஒரு வரியில், 'ரத்து' அடுத்த வரியில். கண்ணால் படிக்கும்போது தானாகச் சேர்ந்துவிடும். போனில் படம் பிடித்து எழுத்தாக மாற்றினால் அது இரண்டு சொல்லாகிவிடும். அந்தக் 'காலம்' எவ்வளவு குறுகலோ அவ்வளவு போலிச் சொற்கள். அப்படி மாற்றிய உரையில் வரி முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒட்டாமல் எண்ணவே எண்ணாதீர்கள்.

எழுத்தைக் கணினி எண்ணினால்

'சென்னை' எத்தனை எழுத்து? செ, ன், னை. மூன்று. எக்செல்லிடம் கேட்டால் ஆறு என்கும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறிமுறையான யூனிகோடில் ச, ஒற்றைக்கொம்பு, ன, புள்ளி, ன, ஐகாரக் குறி என்று ஆறு துண்டுகளாகத்தான் அது சேமித்து வைக்கிறது. 'தண்ணீர்' நமக்கு 4, அதற்கு 7. எல்லாச் சொல்லும் ஒரே விகிதத்தில் ஊதினால் பரவாயில்லை, அப்படியும் ஊதுவதில்லை: 'அளவு' நமக்கு 3, அதற்கு 4.

வழி எளிது. கூகுள் ஷீட்டில் தேடி-மாற்றும் வசதியில் ரீஜெக்ஸை (ஒரு வகை எழுத்துகளை மொத்தமாகத் தேட உதவும் குறிமொழி) பயன்படுத்தி, கால் முதல் புள்ளி வரையிலான துணைக்குறிகள் அத்தனையையும் வெறுமையாக மாற்றிவிட்டு, மிச்சத்தை எண்ணச் சொல்லுங்கள். யூனிகோடு அட்டவணையில் அவை வரிசையாக ஒரே இடத்தில் இருக்கின்றன. ஔகாரத்தின் பின்பாதிக்கு மட்டும் தனியே ஒரு குறி உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டும் இப்படி எண்ணினால் இரண்டிரண்டு எழுத்தாக வரும். அபூர்வம்தான், விதித்தாளில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் என்ற நிரல்தொகுப்பில் எழுத்துகளாகப் பிரிக்கும் வசதி தயாராகவே இருக்கிறது.

இ-பேப்பரிலிருந்து காப்பி செய்தால் சில சமயம் கிறுக்கலாக வரும். யூனிகோடு அல்லாத எழுத்துருவில் பக்கம் கட்டியிருப்பார்கள், அல்லது அது வெறும் படமாக இருக்கும். இணையதளச் செய்தியை எடுக்கலாம். ஆனால் அச்சில் வந்த செய்தியும் இணையத்தில் வந்ததும் ஒரே செய்தி என்று நம்பி இரண்டையும் கலக்காதீர்கள்.

வாக்கியம் எங்கே முடிகிறது?

முற்றுப்புள்ளியில் என்றுதான் சொல்வீர்கள். 'தி.மு.க.', 'கி.மீ.', 'ரூ.25 கோடி', 'எம்.ஜி.ஆர்.' இவற்றில் எத்தனை புள்ளி? தினத்தந்தி கட்சிப் பெயரைப் புள்ளி வைத்து எழுதும், தினமணி 'திமுக' என்று சேர்த்து எழுதும். கணினியிடம் புள்ளியை எண்ணச் சொன்னால் அரசியல் செய்தியில் முன்னதன் வாக்கியங்கள் ஒரு சொல், இரண்டு சொல்லாக நொறுங்கிவிடும். நீங்கள் எதிர்பார்த்த முடிவும் 'நிரூபணம்' ஆகிவிடும். முதலெழுத்துப் புள்ளிகளையெல்லாம் முதலில் நீக்கிவிட்டுத்தான் வாக்கியம் பிரிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் பேச்சுச் செய்தி. "கூட்டத்தில் அவர் பேசியதாவது:-" என்று தொடங்கி, பத்தி பத்தியாகப் பேச்சு ஓடி, "இவ்வாறு அவர் பேசினார்" என்று முடியும். நடுவில் இருப்பவை யாருடைய வாக்கியங்கள்? பேசியவருடையவை. மைக்கில் பேசுபவர் சின்னச் சின்னதாகத்தான் பேசுவார், அதனால் அன்றைக்குப் பெரிய கூட்டம் நடந்திருந்தால் அந்த இதழின் சராசரி மடமடவென்று இறங்கும். அதே பேச்சை இன்னொரு இதழ் "என்று அவர் தெரிவித்தார்" என்று செய்தியாளர் வாயால் சுருக்கியிருந்தால் ஏறும். நான் இரண்டையும் தனித்தனியாக எண்ணச் சொல்வேன்: செய்தியாளர் வாக்கியம், மேற்கோள் வாக்கியம். 'பேசியதாவது' என்ற இடத்தில் ஒரு வாக்கியம் முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

அரசுச் செய்திக்குறிப்பும் இப்படித்தான். மக்கள் தொடர்புத் துறையிலிருந்து வரும் நீண்ட வாக்கியம் பல இதழ்களில் கமா கூட மாறாமல் இறங்கியிருக்கும். ஒரே வாக்கியம் இரண்டு இதழில் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் அது வெளியிலிருந்து வந்த சரக்கு. இரண்டிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

தலைப்பு, உபதலைப்பு, படக்குறிப்பு, விளம்பரம் எல்லாம் வேண்டாம். 'சென்னை, ஜன. 12' என்ற ஊர்-தேதி வரியும் வேண்டாம்.

எதிலிருந்து எத்தனை?

முதல் பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவது பயனில்லாத வேலை. ஒரு இதழில் முதல் பக்கம் விபத்துச் செய்தியாக இருக்கும், இன்னொன்றில் பட்ஜெட். விபத்தை விபத்தோடு, தலையங்கத்தைத் தலையங்கத்தோடு, கிரிக்கெட்டை கிரிக்கெட்டோடு வையுங்கள். ஒரே சம்பவம் நான்கு இதழிலும் வந்திருந்தால் அதுதான் தங்கம். மழை நாட்களில் இது எளிதாகக் கிடைக்கும். சென்னையில் தண்ணீர் தேங்கிவிட்டால் அதை எழுதாத இதழ் ஏது?

மாலை இதழில் தலையங்கம் போல ஒன்று கிடைக்காவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். வேறொரு கட்டுரையைப் போட்டு நிரப்பாதீர்கள்.

செய்தியின் முதல் வாக்கியம் தனி ஜாதி. யார், எங்கே, எப்போது, என்ன என்று அத்தனையையும் அதில் திணிப்பது டெஸ்க்கின் பழக்கம். பெரும்பாலும் செய்தியிலேயே அதுதான் நீளமானது. ஒவ்வொரு செய்தியிலும் முதல் பத்தியை மட்டும் எண்ணினால் இன்ட்ரோவின் நீளம்தான் கிடைக்கும். கடைசி வாக்கியமும் அச்சுவார்ப்புதான்: 'போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரணை நடத்தி வருகின்றனர்.' அதனால் செய்தியை முழுதாக எண்ணுங்கள், அல்லது எல்லா வாக்கியங்களுக்கும் எண் கொடுத்துச் சீட்டுக் குலுக்கி எடுங்கள்.

எத்தனை வாக்கியம் போதும் என்று கேட்பார்கள். ஒரு சின்னக் கணக்கு. உங்கள் வாக்கியங்களின் திட்ட விலக்கம், அதாவது நீளங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, 6 சொல் என்று வையுங்கள். 36 வாக்கியம் எடுத்தால் சராசரியின் திட்டப் பிழை (நீங்கள் எடுத்த சராசரி உண்மையானதிலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்ற அளவு) 6-ஐ 36-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது, அதாவது 1. இரண்டு இதழ்களை ஒப்பிடும்போது பிழை சுமார் 1.4 ஆகும். அதன் இரு மடங்கு, கிட்டத்தட்ட 3 சொல். அதற்குக் குறைந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். ஆகவே 36 வாக்கியம் எண்ணிவிட்டு 'இந்த இதழில் 1 சொல் அதிகம்' என்று எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வீர்கள். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு வாக்கியம் வேண்டும், 144. ஒரே செய்தியின் வாக்கியங்கள் ஒருவர் கையால் எழுதப்பட்டவை. அதனால் பத்து செய்தியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது, இரண்டு செய்தியை முழுதாக எடுப்பதைவிட நல்லது.

சராசரியோடு நிற்காதீர்கள். 6, 5, 3, 4, 32 என்று ஐந்து வாக்கிய நீளங்கள் இருந்தால் சராசரி 10. அந்த நீளத்துக்கு அதில் ஒரு வாக்கியம் கூட இல்லை. இடைநிலை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது, 5. தமிழில் '-து', '-த்து' என்று எச்சங்களாகக் கோத்துக்கொண்டே போகும் ஒரு வாக்கியம் சராசரியைத் தூக்கிவிடும், ஆகவே இடைநிலையையும் கால்மானங்களையும் (வரிசையின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் வரும் நீளங்கள்) சேர்த்துக் கொடுத்து, இவற்றை ஒரு பெட்டியாகக் காட்டும் பெட்டிப்படம் இதழுக்கு ஒன்று வரையுங்கள். சொல் நீளத்துக்கு, எந்த நீளத்தில் எத்தனை சொல் என்று காட்டும் அலைவெண் வளைவு அழகாக இருக்கும். 1887-இலேயே மெண்டன்ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஆங்கில எழுத்தாளர்களின் சொல் நீளத்தை இப்படி வளைவாக வரைந்து, ஒருவர் நடையை அடையாளம் காண முடியுமா என்று பார்த்தார். வாக்கிய நீளத்தை அதே வேலைக்கு எடுத்தவர் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் யூல். அவருடைய கட்டுரை 1939-இல் வந்தது. அறிக்கையின் முன்னுரைக்கு இந்த இரண்டு பெயர்கள் போதும்.

ஆங்கில சூத்திரம் வேண்டாம்

இணையத்தில் 'வாசிப்பு எளிமை' கணக்கிடும் கருவிகள் நிறையக் கிடைக்கும். அவற்றில் தமிழைப் போட்டுப் பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஃபிளெஷ் 1948-இல் வெளியிட்ட சூத்திரம் 206.835-லிருந்து இரண்டைக் கழிக்கிறது: வாக்கியத்துக்கு எத்தனை சொல் என்பதை 1.015-ஆல் பெருக்கியது, சொல்லுக்கு எத்தனை அசை என்பதை 84.6-ஆல் பெருக்கியது. இங்கே அசை என்றால் ஆங்கிலக் கணக்குப்படி ஒரு மூச்சில் ஒலிக்கும் துண்டு. 'பயணிகள்' என்பது ப-ய-ணி-கள், நான்கு. சாதாரண ஆங்கில உரைக்கு விடை 0 முதல் 100-க்குள் வரும், அதிகமானால் எளிது. என் வேளச்சேரி மழையின் முதல் வடிவத்தை, நாலாம் வகுப்புப் பிள்ளை படிக்கும் அந்த நான்கு வாக்கியத்தை, இதில் போட்டால் மைனஸ் 56 வருகிறது. 18 சொல்லுக்கு 55 அசை இருக்கிறதே, வேறென்ன வரும்? 1952-இல் வந்த கன்னிங்கின் அளவு மூன்று அசையோ அதற்கு மேலோ உள்ள சொல்லைக் 'கடினம்' என்கிறது. அப்படிப் பார்த்தால் அதே 18-இல் 13 கடினச் சொல். 'இரவு'கூடக் கடினம்! வேற்றுமை, பன்மை, காலம், இடம் எல்லாம் சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொள்ளும் மொழிக்கு அந்த அளவுகோல்கள் செய்யப்படவில்லை.

இதே காரணத்தால் ஒரு தமிழ் நாளிதழையும் ஓர் ஆங்கில நாளிதழையும் சொல் எண்ணிக்கையால் ஒப்பிடாதீர்கள். ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வரும் 'வீட்டிலிருந்து' நமக்கு ஒரு சொல்.

சொல் தேர்வை ஒப்பிட ஆசை இருந்தால் தனி அட்டவணை போடுங்கள்: போலீசார் 4 எழுத்து, காவல்துறையினர் 8, பஸ் 2, பேருந்து 4. ஒரே செய்தியில் இப்படிப்பட்ட ஜோடிகளைப் பட்டியலிட்டால், சொல் நீளத்தில் உண்மையான நடை வித்தியாசம் எவ்வளவு, இடைவெளி விளையாட்டு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும்.

எண்ணி முடித்ததும் ஒரு வேலை பாக்கி. பத்து வாக்கியங்களை, உங்கள் விதித்தாளோடு சேர்த்து, எண்ணாத ஒரு தோழியிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கக் கூடாது. அவர் எண்ணும் உங்கள் எண்ணும் எங்கே மாறுகிறதோ அங்கே விதி தெளிவாக இல்லை என்று பொருள். சண்டை பெரும்பாலும் 'என்பதால்', 'செய்யப்பட்டது', 'இல்லாமல் போனது' போன்ற இடங்களில் வரும். விதியைத் திருத்தி எழுதி, முதல் வாக்கியத்திலிருந்து திரும்ப எண்ணுங்கள். அந்த விதித்தாளை அறிக்கையின் கடைசியில் ஒளிக்காமல் முதல் அட்டவணைக்கு முன்னால் வையுங்கள். வைவா எடுக்க வருபவர் முதலில் கேட்கப்போவது, "சொல்லுன்னு எதைம்மா எண்ணினே?" என்றுதான்.